கோடு போடாத போல்ட்

முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஸ்பானரை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள். ஐஸ் கொண்டுவந்த ஆள். அண்ணன் இன்னும் வரவில்லை.

"ஏண்டி, இங்க என்ன பண்ற?" அக்கா ஷெட் கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அவனைக் கொண்டுவர்ற நேரமாச்சு. துணிகூட மாத்தல. கையெல்லாம் எண்ணெய்."

"இதோ வரேன்க்கா."

"அந்தச் சனியனை இன்னும் எதுக்கு நோண்டுற? ஆளையே முழுங்கிட்டு எப்படி நிக்குது பாரு."

அக்கா போன பிறகு அவள் மறுபடி ஸ்பானரைப் பிடித்தாள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் போல்ட்டை இறுக்கினாலும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். போல்ட் துளி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கிய நாளிலிருந்து விடுமுறை என்றால் அவன் இந்த ஷெட்டில்தான். சைலன்சரை மாற்றினான், செயினையும் பல்சக்கரத்தையும் மாற்றினான், லீவர்களை மாற்றினான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "பொண்ணு பார்க்கலாம்டான்னா இவன் டயர் பார்த்துட்டிருக்கான்" என்று அக்கா கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கோடு போடுவான்.

வண்டி முழுக்க மஞ்சள் கோடுகள். பிரேக் எண்ணெய் போகிற ஹோஸை முன் பிரேக்கோடு சேர்க்கிற இந்த ஒரு போல்ட்டில் மட்டும் கோடு இல்லை.

வாசலிலிருந்து அத்தானின் குரல் கேட்டது. அக்காவின் கணவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது, வண்டி பேசியது, பந்தல் போடச் சொன்னது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் அவர்தான். வந்தவர்கள் உட்காருவதற்குள் தப்பு யாருடையது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுவார்.

"எத்தனை தடவை தலையால அடிச்சுக்கிட்டேன் தெரியுமா? பிரேக் வேலையெல்லாம் வீட்ல வெச்சுக்காதடா, கடையில குடுடான்னு. ஹோஸ் வாங்கிக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. கேட்டாத்தானே? தானே மாட்டினான், தானே போய்ச் சேர்ந்தான்."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "படிச்ச புள்ளைங்களே இப்படித்தான்" என்றது ஒரு குரல்.

வளைவில் நின்றிருந்த சரக்கு லாரியின் பின்னால் அண்ணன் போய் மோதினான். அவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது போலீஸ்காரர் வந்து வண்டியைப் பார்த்தார். முன் பிரேக்கின் எண்ணெய் முழுக்க ஒழுகிப்போயிருக்கிறது என்றார். ஹோஸை மாட்டியது யார் என்று கேட்டார். "அவன்தான் சார்" என்றார் அத்தான், இமைகூட அசையாமல்.

அவளுக்கு அன்றே அது உறுத்தியது. அண்ணன் ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு மதியம், அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அத்தானே அந்தப் புது ஸ்டீல் ஹோஸை மாட்டிவிட்டுப் போயிருந்தாராம். மறுநாள் சாப்பிடும்போது அண்ணன் அவளிடம் சொன்னான்.

"பிரேக் லீவர் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு."

"கழட்டிப் பாரேன்."

"அத்தான் ஆசையா மாட்டிக் குடுத்தது. மறுநாளே கழட்டினா மனசு நோவாரு. ஒரு வாரம் போகட்டும்."

இதைக் கேட்டது அவள் ஒருத்திதான். துக்கத்தில் மனசு தானாக எதையாவது இட்டுக்கட்டிக்கொள்கிறதோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப யோசித்தாள். இல்லை, கேட்டது கேட்டதுதான். ஆனால் ஓடி ஓடி உழைக்கிற மாப்பிள்ளையின் பேச்சுக்கு முன்னால் அழுகிற தங்கச்சியின் பேச்சு எடுபடுமா?

போல்ட் கையோடு வந்தது. ஹோஸின் நுனியில் வளையம் போல ஒரு கண் இருந்தது. அதன் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு செம்பு வாஷர்கள் இருக்க வேண்டும். நசுங்கி, எண்ணெயை வெளியே விடாமல் அடைப்பது அவைதான். ஒன்றுதான் இருந்தது.

கழற்றும்போது தவறி விழுந்திருக்குமோ என்று காந்தக் குச்சியை எடுத்துத் தரையைத் துழாவினாள். செம்பு காந்தத்தில் ஒட்டாது என்பது பிறகுதான் உறைத்தது. தரை முழுவதையும் கையால் தடவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஹோஸின் கண்ணை வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு பக்கத்தில் வாஷர் அழுந்திய தடம் வட்டமாக, சுத்தமாக இருந்தது. மறுபக்கத்தில் போல்ட்டின் தலை நேராக உரசிய கீறல்கள். இங்கே வாஷர் எந்த நாளும் இருந்ததில்லை.

"ஏம்மா."

அப்பா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவருக்கு இந்த வண்டியை என்றைக்குமே பிடிக்காது. ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்.

"பிரேக் பார்க்காம நான் ஒரு நாள் வண்டி எடுத்ததில்ல" என்றார். "எனக்குப் பொறந்தவன் பிரேக்கை அரைகுறையா மாட்டிட்டுப் போயிருக்கான். அழுகைகூட வரலைம்மா. அவன்மேல கோவம்தான் வருது."

"அவன் மாட்டலப்பா."

"மாப்பிள்ளை சொல்றாரே."

"அவர் சொன்னா?"

"பொய் சொல்லணும்னு அவருக்கென்ன தலையெழுத்து?"

அவள் வாஷரைக் காட்டினாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விளக்கினாள். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சரி. ஒண்ணை விட்டுட்டான்."

"அண்ணன் விடமாட்டான்."

"போனவனுக்கு நீ வக்காலத்து வாங்குற." அப்பா திரும்பி நடந்தார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். லாரி அண்ணனை ஒரு தடவைதான் கொன்றது. வாசலில் நின்று அத்தான் அவனை ஆளுக்கொரு தடவை கொன்றுகொண்டிருக்கிறார். போய் அவர் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்தால் நாலு பேர் வந்து விலக்கிவிடுவார்கள். பாவம், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அத்தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அது போதாது. அவர் கையே அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதுவும் அப்பாவின் கண்ணெதிரே.

அண்ணனின் பெட்டியைத் துழாவி இரண்டு புது வாஷர்களை எடுத்து வைத்தாள். பிறகு கை கழுவப் போனாள்.

அண்ணன் வந்தான். வெள்ளைத் துணிக்குள் அவன் முகம் யாருடையதோ போல இருந்தது. அப்பா ஒருமுறை பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான்தான் விழுந்து புரண்டு அழுதார். அழுதுகொண்டே அவள் தோளில் சாய்ந்தார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிங்க அத்தான்."

தன் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலில் இன்னும் கூட்டம் கலையவில்லை. அத்தான் அப்பாவிடம் வந்து குனிந்தார்.

"மாமா, அந்த வண்டி இனிமே இங்க நிக்க வேணாம். பார்க்கப் பார்க்க உங்களுக்குத் தாங்காது. மினி லாரிக்குச் சொல்லிட்டேன். பழைய இரும்புக் கடைக்குப் போயிடட்டும்."

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அப்பா.

"அத்தான், ஒரு சின்ன வேலை" என்றாள் அவள். "முன் ஹோஸ் தொங்கிட்டிருக்கு. ஏத்தும்போது சக்கரத்துல சிக்கும். மாட்டிக் குடுத்துடுங்களேன். எனக்குக் கை நடுங்குது."

அத்தான் ஒரு நொடி தயங்கினார். "அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்மா..."

"உங்களுக்குத் தெரியாத வேலையா? அப்பா, நீங்களும் கொஞ்சம் வாங்கப்பா. விளக்கைப் பிடிக்கணும்."

வீடியோ பார்த்து வாட்டர் ஹீட்டரிலிருந்து வாஷிங் மெஷின் வரைக்கும் பிரித்துப் பூட்டுகிறவர் என்று குடும்பத்தில் அவருக்குப் பெயர். மாமனாருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சக்கரத்தருகே உட்கார்ந்தார். அவள் துணியை விரித்து, போல்ட், ஸ்பானர், இரண்டு வாஷர்கள் ஆகியவற்றை வரிசையாக வைத்தாள். அப்பா விளக்கைப் பிடித்தார், வேண்டாவெறுப்பாக.

அத்தான் ஒரு வாஷரை எடுத்தார். அதை பிரேக்கின் துளைமேல் வைத்தார். அதன்மேல் ஹோஸின் கண்ணை வைத்தார். அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். அவர் கை துணிப்பக்கம் திரும்பியது. ஒருகணம், ஐயோ, எல்லாம் தன் கற்பனைதானோ என்று அவளுக்குள் ஏதோ சரிந்தது. அந்தக் கை போல்ட்டை எடுத்தது. நேராகக் கண்ணுக்குள் செருகித் திருகியது.

"இவ்ளோதான். இது என்ன பெரிய வித்தையா?" ஸ்பானரால் இரண்டு சுற்று சுற்றி, கடைசியில் முழு பலத்தையும் போட்டு இறுக்கினார். "ஆச்சு."

"இது மிச்சமிருக்கே அத்தான்." அவள் துணியில் கிடந்த வாஷரைக் காட்டினாள்.

"அது ஸ்பேர்மா." அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "தொலைஞ்சா வேணும்னு கடைக்காரன் எப்பவும் ஒண்ணு கூடப் போட்டுத்தான் குடுப்பான். அன்னைக்குக் கூட ஒண்ணு மிச்ச..."

வாய் பாதியில் நின்றுவிட்டது.

விளக்கு வெளிச்சம் சக்கரத்திலிருந்து மெதுவாக மேலே ஏறி அத்தானின் முகத்துக்கு வந்தது.

"என்னைக்கு மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

"இல்ல மாமா... பொதுவா சொன்னேன்."

அப்பா குனிந்து துணியிலிருந்த வாஷரை எடுத்தார். "இது எங்க வரணும்மா?" என்று மகளிடம் கேட்டார். காலையில் சொன்னது அவர் காதில் ஏறாமல் இல்லை. ஆனாலும் கேட்டார். அவள் போல்ட்டின் தலைக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினாள். அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். சுற்றியிருந்த போல்ட்டுகளை, அவற்றின்மேல் ஓடிய மஞ்சள் கோடுகளைப் பார்த்தார். அவ்வளவு நாள் அந்த வண்டியை அவர் அத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"ஸ்பேர்னுதான் மாமா நெனச்சேன்." அத்தான் அப்பாவின் பக்கம் நகர்ந்தார். "சத்தியமா. அவன் சந்தோஷப்படட்டும்னுதான் மாட்டினேன். போலீஸ்காரர் திடீர்னு கேட்டதும் பயத்துல வாய் தானா அப்படி..."

அவள் காலையிலிருந்து மனசுக்குள் எத்தனையோ வாக்கியங்களைக் கூர்தீட்டி வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"போலீஸ்காரர்கிட்ட சொன்னது பயம்" என்றாள். "காலையிலேர்ந்து வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்களே, அது என்ன?"

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட அழ வேணாம். யார் யார்கிட்ட சொன்னீங்களோ, எல்லாரும் வாசல்லதான் இருக்காங்க. போய், மாட்டினது நான்தான்னு சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேம்மா. எல்லாரும் போகட்டும். ஸ்டேஷனுக்கும் நானே போறேன்."

"எல்லாரும் போன பிறகு யார்கிட்ட சொல்லுவீங்க, சுவத்துகிட்டயா? இப்பவே."

"உங்க அக்காவை ஒரு தடவை நெனச்சுப் பாரு."

அத்தானின் பார்வை போன திசையில் அவளும் திரும்பினாள். அக்கா டீத் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அக்காவையே பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. தாழ்த்தவில்லை.

"பார்த்துட்டேன்" என்றாள். "போங்க."

அத்தான் அப்பாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை, போதும் விடும்மா என்று ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்தார். அப்பா விளக்கை அணைத்தார். அத்தான் மடித்த சட்டைக் கைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு அக்காவைத் தாண்டி வெளியே போனார். அக்கா வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அப்பா முன் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மஞ்சள் கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் முதுகு குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை.

"இது உனக்குக் காலையிலயே தெரியுமா?" என்றாள் அக்கா.

"தெரியும்."

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ என்னக்கா பண்ணியிருப்ப?"

அக்கா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சின்னதாகச் சத்தமிட்டன. அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. இருவருக்குமே அது தெரிந்திருந்தது.

வாசல் பக்கமிருந்து அத்தானின் குரல் கேட்டது. வார்த்தைகள் தெளிவாகக் கேட்கவில்லை. நடுவில் யாரோ ஒருவர் "என்ன சொல்றீங்க?" என்றது மட்டும் கேட்டது. குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. சிறிது சிறிதாக மற்றப் பேச்செல்லாம் அடங்கி, அந்த ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்றது.

காலையில் ஸ்பானர் பிடித்த அவள் கைகள் சும்மா இருந்தன. இவ்வளவு நேரமும் அவற்றில் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது போலவும், இப்போது அதை எங்கோ வைத்துவிட்டது போலவும் தோன்றியது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மினி லாரிக்காரர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "வண்டியை ஏத்திடலாங்களா?"

தரையில் உட்கார்ந்திருந்த பெரியவரையும் தட்டோடு நின்ற பெண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சும்மா நிற்பதற்குச் சங்கடப்பட்டோ என்னவோ, பைக்கின் பிரேக் லீவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஷெட்டின் தரை வாசலைப் பார்த்துச் சற்றே சரிந்திருந்தது. அவர் மூலையில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துவந்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் நன்றாக நெருக்கிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.