வரிசையில் நின்ற மெயில்

அன்று எனக்குக் கைதட்டினார்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிஞ்ச்வடில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் சேல்ஸ் ஆள் ஒருவரின் லேப்டாப்பில் வைரஸ் புகுந்து நாற்பதாயிரம் குப்பை மெயில்களைக் கக்கியது. அத்தனையும் சர்வரில் வரிசை கட்டி நிற்க, நடுவில் நல்ல மெயில்களும் மாட்டிக்கொண்டன. ஆள் மாற்றி ஆள் போனில் கத்தினார்கள்.

முறைப்படி, அனுப்பியவர் பெயரை வைத்துத் தேடி, பட்டியலைப் பார்த்து, குப்பையை மட்டும் அழிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. எனக்குத்தான் பொறுமை இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை: வரிசையில் இருக்கும் 'ஆல்', அதாவது அத்தனையையும், அழி. அந்த 'ஆல்' என்பதைப் பெரிய எழுத்தில் அடித்தால்தான் சர்வர் ஏற்கும். கை தவறி யாரும் அழித்துவிடக் கூடாதென்று எவனோ ஒரு புண்ணியவான் வைத்த பூட்டு. நான் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து நிதானமாக அடித்தேன். அழிந்துபோனதென்று அனுப்பியவர்களுக்குத் தகவல்கூடப் போகாது என்பதும் எனக்குத் தெரியும். முக்கியமான மெயில் என்றால் திரும்ப அனுப்பமாட்டார்களா என்ன?

ஒரு நிமிடத்தில் சர்வர் சரியானது. கைதட்டல், வடாபாவ், எல்லாம் நடந்தது.

சனிக்கிழமை காலை ஷிஃப்டில், நான்காம் நம்பர் பிரஸ்ஸில் சிக்கிய தகட்டைக் குனிந்து எடுத்த ஆபரேட்டர் தேஜஸ் மேல் பிரஸ் இறங்கிவிட்டது. ஆள் உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரி போகும் முன்பே முடிந்துவிட்டது. கல்யாணமாகி எட்டு மாதம்.

பழி மெயின்டனன்ஸ் எட்மண்ட் மேல் விழுந்தது. பக்கத்துக் கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். ரிட்டயராக இரண்டு வருடம் பாக்கி. எங்கள் ஃபேக்டரியில் வாயால் 'நிறுத்து' என்றால் அந்த ஷிஃப்டோடு சரி. பிளான்ட் ஹெட்டுக்கு மெயில் போயிருந்தால்தான் அடுத்த ஷிஃப்டும் மெஷினைத் தொடாது. மெயிலே வரவில்லை என்று பிளான்ட் ஹெட் விசாரணையில் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான்.

வியாழக்கிழமை எட்மண்ட் என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"சென்சார் கெட்டிருக்கு, நாலாம் நம்பர ஓட்டாதீங்கன்னு பிளான்ட் ஹெட்டுக்கு நான் வெள்ளிக்கிழமையே மெயில் போட்டேன் பத்ரி. என்கிட்ட காப்பி இருக்கு. அத நானே அப்புறமா உண்டாக்கியிருப்பேன்ங்கறாங்க. உன் சர்வர்ல பக்கா ரெக்கார்ட் இருக்கும்ல? ஸரா கொஞ்சம் பாரு பேட்டா."

"பாக்கறேன் அங்கிள்."

திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன். சர்வர் தன் வேலையை வரி வரியாக எழுதி வைத்திருந்தது. எட்மண்டின் மெயில் வரிசைக்கு வந்தது இரண்டு ஐம்பத்திரண்டு. அழிக்கப்பட்டது மூன்று பத்து. இரண்டே வரி. காட்டினால் அவர் பிழைப்பார், நான் தொலைவேன்.

அந்த வரிகளை நான் அழிக்கவில்லை. அழிக்கவேண்டிய அவசியமே இல்லை. பதிவுகள் ஏழு நாள்தான் இருக்கும். எட்டாம் நாள் தானாகப் போய்விடும். இடம் அடைக்கிறதென்று அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் பெண்ணின் ஸ்கூலை நினைத்தேன், வீட்டு லோனை நினைத்தேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். கேட்டில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது.

"கெடச்சுதா?"

"தேடிட்டேன் அங்கிள். ஒண்ணும் இல்ல."

எட்மண்ட் என் தோளில் கை வைத்தார்.

"பரவால்ல பேட்டா. இந்த ஃபேக்டரியில என் பேச்ச நம்பித் தேடினவன் நீ ஒருத்தன்தான்."