டாக்டர் வீட்டுப் பெரியவர்

கமலேஸ்வரி 1985இல் வளைகுடாவில், அல் ஐன் நகரில் ஒரு பெல்ஜியம் டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். வரவேற்பறை அலமாரியில் நின்ற மரச்சிலையைக் கண்டாலே அவளுக்குப் பயம். தாடி வைத்த ஆண் உருவம். வயிற்றின் இருபுறமும் கைகளை வைத்து, கண்களைப் பாதி மூடியிருந்தது. சூனியச் சாமான் என்று நினைத்து, அதைத் தொடாமல் சுற்றிவரத் துடைப்பாள்.

டாக்டரின் மனைவி மார்த்தா இதைக் கவனித்து, ஒருநாள் விளக்கிச் சொன்னாள். ஆப்பிரிக்காவில், ஸயர் நாட்டில் இருந்தபோது வாங்கியது. அங்கே ஹெம்பா மக்கள் தங்கள் முன்னோரை இப்படிச் செதுக்கி வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. முன்னால் நின்று வீட்டு விஷயங்களைச் சொல்வார்கள்.

"இவருக்கு என்ன பேர், மேடம்?"

"நாங்கள் கேட்கவேயில்லை" என்றாள் மார்த்தா. குரல் தாழ்ந்திருந்தது.

ஆரோ ஒரு வீட்டுப் பெரியவர் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. அன்றிலிருந்து மெல்லிய துணியால் முகத்தையும் துடைத்தாள்.

1987இல் யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஊரான கரவெட்டியிலிருந்து கடிதம் வந்தது. சண்டையால் இரண்டு மாதம் பிந்தியிருந்தது. அப்பு, அவளைப் பெற்றவர், இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டதாம். அவளிடம் அப்புவின் படம்கூட இல்லை. மறுநாள் காலை துணியோடு சிலையின் முன்னால் நின்றவளுக்குப் பேச்சு தானாக வந்தது.

"ஐயா, எங்கட அப்பு மோசம் போயிட்டார். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும்." சிறிது நேரம் அழுதாள். பிறகு, "உங்கட பிள்ளையளும் எங்கயெண்டு தெரியாது, என்ன?" என்றாள்.

அதன்பின் தினமும் பேசினாள். தம்பி கொழும்புக்கு வந்து சேர்ந்தது, குழம்பு அடிப்பிடித்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் மார்த்தா வரவேற்பறைக்கு வரமாட்டாள்.

அடுத்த வருடம் டாக்டர் குடும்பம் ஊர் திரும்பியது. சிலையை அவளுக்கே தருவதாக மார்த்தா சொன்னாள்.

"வேண்டாம், மேடம். அவற்ற ஆக்கள் இருப்பினம். தேடிப் பாருங்கோ."

கமலேஸ்வரி குவைத்தில், ஃபஹாஹீலில் வேறு வீட்டில் வேலை செய்தபோது மார்த்தாவின் கடிதம் வந்தது. ஸயரில் உள்ள பாதிரியார் ஒருவர் சிலையின் படத்தை ஊர் ஊராகக் காட்டினாராம். எங்கள் முன்னோர் என்று உறுதியாகச் சொல்ல யாரும் வரவில்லை. இன்னும் விசாரிக்கிறார். "அதுவரை காலையில் நான் அவருக்கு வணக்கம் சொல்கிறேன். உன்னைப்போல் பேச வரவில்லை."

கமலேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அல் ஐன் வரவேற்பறையின் காலை வெயிலும் ஏசி இரைச்சலும் அப்படியே நினைவுக்கு வந்தன. அப்புவுக்காக அவள் அழுத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள்.