காயும் அறை

பதினாலாம் நம்பர் சாவியை எடுத்து அந்தக் கோயம்புத்தூர்க்காரரின் கையில் கொடுத்தபோது ஓட்டல் ரிசப்ஷனில் சிலுவைராஜ் கம்ப்யூட்டர் திரையை மட்டும்தான் பார்த்தான். பதினாலுக்கு நேரே பச்சையாக ‘வி’ என்ற எழுத்து நின்றது. வி என்றால் காலி, ஓ என்றால் ஆள் இருக்கிறது. அந்த ரெண்டு எழுத்துதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு நாள் இருக்கும் போல; கூட வந்த பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் போகவில்லை. மரப்படிகளில் புதுச் செருப்புகளின் சத்தம் ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு பெண் வீறிட்டாள். உடனே ஒரு குழந்தையும் வீறிட்டது. குழந்தையின் குரல் கேட்ட பிறகுதான் பதினாலில் அன்னக்கொடி இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

கொடைக்கானலில் ஓர் அறை காலியாவது வேறு, படுக்கத் தகுந்ததாவது வேறு. ஐப்பசி மேகம் ஜன்னல் இடுக்கு வழியே நுழைந்து மெத்தையில் படுத்துக்கொள்ளும். கம்பளியைத் தொட்டால் நனைந்த நாயைத் தொட்டது போல இருக்கும். ஆள் காலி செய்ததும் சலவைக்காரி அன்னக்கொடி கங்கு போட்ட கரிச்சட்டியோடு போவாள். நாற்காலிகளில் கம்பளிகளை விரித்துப் போட்டு, ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து, கதவைச் சாத்திவிடுவாள். கீழே ரிசப்ஷனில் அந்த அறையின் சாவியை, பித்தளை வில்லையில் நம்பர் உள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி பலகையில் திருப்பி மாட்டுவார்கள். திருப்பிய சாவியை யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவன் ஒருதரம் திட்டு வாங்கித் தெரிந்துகொள்வான்.

திருப்பிய சாவிக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. அந்த ஓட்டலில் கதகதப்பான இடம் ரெண்டே ரெண்டு. ஒன்று அடுப்படி, அங்கே சமையல்காரர் சேனாதிபதி யாரையும் உட்கார விட மாட்டார். மற்றது காய்கிற அறை. ஐஸ் மாதிரித் தண்ணீரில் போர்வை அலசிக் கை விறைத்தவர்கள், விடியும்வரை கேட்டில் நின்றவர்கள், எல்லோரும் முறை போட்டு அங்கே போய்ச் சட்டிப் பக்கம் உட்கார்ந்து எழுந்து வருவார்கள். போன தை மாதத்திலிருந்து அன்னக்கொடியின் பிள்ளையும் அங்கேதான். அவள் புருஷன் ஒட்டன்சத்திரம் மண்டியில் மூட்டை இறக்குகிறவன், வாரத்துக்கு ஒருநாள் வருவான். வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. சால்வைக்குள் கட்டி, துணிமூட்டை மாதிரி இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியே உள்ளே வந்துவிடுவாள்.

முதலாளி மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் அனுப்பினார். ரிசப்ஷனுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வைத்து, தரையில் விரிப்புப் போட்டு, வோல்டேஜ் ஏறி இறங்காமலிருக்க ஒரு பெட்டியும் வைத்து அதைக் குடியேற்றினார்கள். செருப்போடு உள்ளே போகக்கூடாது. மேனேஜர் அலெக்சாண்டர் கோயில் சாமியாரை அழைத்து மந்திரிக்கச் சொன்னார். சாமியார் தீர்த்தச் செம்போடு நெருங்கியபோது, கூடவே வந்திருந்த புரோகிராமர் இராமலிங்கம் தன் துண்டை அவிழ்த்து மெஷின்மேல் போர்த்திவிட்டு, “துண்டுக்குத் தெளிங்க ஃபாதர், அதுக்குச் சேந்துரும்” என்றான். சாமியார் சிரித்துவிட்டார். அலெக்சாண்டர் சிரிக்கவில்லை. மறுநாள் சாவிப் பலகையைக் கழற்றச் சொன்னார். இனிமேல் சாவிகள் இழுப்பறையில், தகவல் மெஷினில். ஸ்குரூ டிரைவர் பிடித்துக் கழற்றியவன் சிலுவைராஜ்தான். இன்று காலையில் பதினாலு காலியானதும் வேறு எழுத்து இல்லாததால் ‘வி’ அடித்தான். காய்கிறது என்பதை மனசில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மத்தியானக் கூட்டத்தில் மனசு எங்கே நின்றது?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வேறு அறையும் சும்மா காபியும் கொடுத்து ஆற்றிய பிறகு அலெக்சாண்டர் சிலுவைராஜையும் அன்னக்கொடியையும் கூப்பிட்டார். அன்னக்கொடியின் இடுப்பில் பிள்ளை விக்கிக்கொண்டிருந்தது.

“இது ஓட்டலா, தொட்டில் கட்ற எடமா?”

“பாலு குடுத்துக்கிட்டு இருந்தேங்க. அந்தம்மா கத்தவும் இவனும் பயந்துட்டான்.”

“கஸ்டமர் கத்துனது ஒனக்குத் தப்பாப் போச்சு? நாளையிலருந்து வர வேணாம்.”

அவள் சிலுவைராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சாவியைக் கொடுத்தவன் யார் என்பது இருந்தது.

“அவ மேல தப்பு இல்லைங்க சார்,” என்றான் அவன். “ரூம் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மெஷின்ல அதுக்கு எழுத்து இல்ல.”

“அதுக்கு இவ எதுக்கு உள்ள குந்தியிருக்கணும்?”

“கங்கு தெறிச்சா கம்பளி பத்திக்கிரும்ங்க. ஆளு இருந்துதான் ஆகணும்.”

பாதி நிஜம். முன்பெல்லாம் அப்படியே விட்டுவிட்டு எப்போதாவது எட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அலெக்சாண்டர் மூலையில் நின்ற இராமலிங்கத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி, எழுத்து இல்லையாமே?”

“நான் கேட்டப்ப ரூம்னா ரெண்டு நெலமைதான்னு நீங்கதான் சார் சொன்னீங்க.”

அலெக்சாண்டர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். “சரி. மூணாவது ஒண்ணு போடுங்க. ரெண்டு மணி நேரம் ஆனதும் தானா ‘வி’ ஆயிரணும். அது வந்த பெறகு இவ சோலி என்னன்னு பாத்துக்கிறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்.”

சாயங்காலம் அடுப்படியில் செய்தி பரவிவிட்டது. சேனாதிபதி வெங்காயம் அரிந்துகொண்டே, “ஏலே சிலுவை, எழுத்துப் போட்டுக் குளிர் காயப் போறோமாம்ல?” என்றார். தோட்டக்காரர் தங்கமுத்து, “பலகைய ஒத்தையாளா நின்னு கழட்டுனது யாரு? துரைதான்,” என்றார். சிலுவைராஜ் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தான். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ரெண்டு மணி நேரத்தில் தானாக மாறினால் காய்கிற அறை என்று ஒன்று இருக்காது. ஈரமான காலி அறைதான் இருக்கும். அன்னக்கொடி பிள்ளையை எங்கே வைப்பாள்? வைக்க இடமில்லாவிட்டால் நின்றுவிடுவாள். மேனேஜர் துரத்த வேண்டியதே இல்லை.

மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடுப்புக்குள் போனான். இராமலிங்கம் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி தட்டிக்கொண்டிருந்தான். காய்கிற அறைக்குப் புது எழுத்து ‘டி’ என்று சொன்னான்.

“ரெண்டு மணி நேரத்துல காயாதுங்க.”

“அப்ப நாலு போடவா?”

“வெயில் அடிச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். எதைப் போட்டாலும் பொய்யாத்தான் போகும்.”

“மெஷினுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல அண்ணே.” தும்மினான். பிறகு எதையோ யோசித்து, “முந்தாநாள் எனக்குக் குடுத்தீங்களே, அந்த ரூம் காஞ்சுச்சா?” என்று கேட்டான்.

“இல்லைங்க. மேனேஜர் வெரசாக் குடுக்கச் சொன்னார்.”

இராமலிங்கம் சிரித்தான், சிரிப்பிலேயே இன்னொரு தும்மல் வந்தது. “சரி. காஞ்சுச்சுன்னு யாரு கண்டுபிடிக்கிறாங்க?”

“அன்னக்கொடி. கம்பளிய மடிச்சுக் கன்னத்துல வச்சுப் பாக்கும்.”

“அப்ப அவங்களே வந்து கீயை அமுக்கட்டும். அமுக்குற வரைக்கும் ‘டி’யாவே நிக்கும். தானா மாறுறது இப்பதைக்கு வராதுன்னு சார்ட்ட சொல்லிக்கிறேன்.” மறுபடியும் மூக்கை உறிஞ்சினான். “ஆனா ஒண்ணு. எப்ப ‘டி’ ஆச்சு, எப்ப ‘வி’ ஆச்சுன்னு மெஷின் வச்சுக்கிரும். அதை எடுக்க முடியாது. அவர் கேட்டு வாங்கியிருக்கார். அடுத்த மாசம் நான் வரும்போது பாத்துட்டு, நேரத்தை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவார்.”

சிலுவைராஜ் திரும்பி வந்து ரிசப்ஷனில் நின்றான். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. திருப்பி மாட்டிய சாவி எவ்வளவு நேரம் திரும்பி இருந்தது என்று எந்தச் சுவரும் சொன்னதில்லை. நேற்று தன் தப்பை மூட வாயைத் திறந்தான். எல்லோரும் பொத்தி வைத்திருந்ததை மெஷினுக்குள் போட்டுவிட்டான். அவளுக்கு வேலை மிஞ்சியது, அதுவும் ஒரு மாதத்துக்கு. இதை நல்லது என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் வரவில்லை.

அன்னக்கொடிக்குக் கீபோர்டில் ‘வி’ எழுத்தைக் காட்டினான். “கவட்டக் கம்பு மாதிரி இருக்குண்ணே,” என்றாள். முதல் ரெண்டு மூன்று நாள் சுடுசட்டியைத் தொடுவது போலத் தொட்டு விரலை இழுத்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. முந்தானையில் விரலைத் துடைப்பாள், அமுக்குவாள், போய்விடுவாள். பெரும்பாலும் காய்ந்ததுமே வந்துவிடுவாள். மற்றவர்கள்தான் சட்டிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். “நாம உக்காந்தா அவளுக்குல்ல நேரம் ஏறும்,” என்று தங்கமுத்து ஒருநாள் மழையில் நின்றபடியே சொன்னார்.

பூஜை விடுமுறைக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. தலையில் குரங்குக் குல்லா, கையில் பிளாஸ்க், ஏழெட்டுக் குடும்பம். எல்லாருக்கும் அறை கொடுத்து முடித்தபோது ஒரு குடும்பம் மட்டும் மிஞ்சியது. பதினாலு ‘டி’யில் நின்றது. அலெக்சாண்டர் தடுப்புக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். கூட்டத்தின் மூச்சில் கண்ணாடி முழுக்க வெளுத்துப் போயிருந்தது.

சிலுவைராஜ் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்துப் பக்கம் போய்விட்டுத்தான் வந்திருந்தான். அபூர்வமாக நல்ல வெயில். பதினாலின் கம்பளிகள் பால்கனிக் கம்பியில் கிடந்தன. காற்றில் அவை எழுந்த விதத்திலேயே, ஈரம் போய் வெகுநேரம் ஆகிவிட்டது தெரிந்தது.

அன்னக்கொடி படியிறங்கி வந்தாள். அவள் ரவிக்கையின் தோளில், அப்போதுதான் தூங்கவைத்த பிள்ளையின் எச்சில் காயாமல் இருந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவள், அறைக்குக் காத்துப் பயணப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். விரலைத் துடைக்கவில்லை.

“காஞ்சுச்சா?” என்றார் அலெக்சாண்டர்.

“இன்னுங் கொஞ்சம் கெடக்குங்க.”

“வெயில் இப்படி அடிக்குது?”

“வெயில் வெளியலங்க அடிக்குது. மெத்தை உள்ள இருக்குல்ல.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் படியேறினாள். மேலே எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அலெக்சாண்டர், தடுப்புக்குள் மெஷின்முன் இருந்த சிலுவைராஜின் பக்கம் திரும்பினார்.

“நெசமாவா சிலுவை?”

அந்தக் கீ அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவனே அமுக்கலாம், மெஷினுக்கு விரல் யாருடையது என்று தெரியாது. ரெண்டு கைகளையும் எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“மெஷின்ல ‘டி’தாங்க சார் இருக்கு.”

அலெக்சாண்டர் கைக்குட்டையை எடுத்து, கண்ணாடித் தடுப்பில் முகம் அளவுக்கு ஒரு வட்டம் துடைத்து, குனிந்து உள்ளே பார்த்தார். அவருடைய மூச்சுப்பட்டு அந்த வட்டமும் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில், பதினாலுக்கு நேரே, பச்சையாக அந்த ஒற்றை எழுத்து நின்றது.