சீரெல் வீட்டு வெள்ளை

"போன செவ்வாதானே சடங்குக் குளத்துல முழுகிட்டு வந்தே? அதுக்குள்ள மறுபடியும் கறையா?"

மாமியார் சீரெல் வெள்ளைப் பருத்தி உள்ளாடையை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். காசு அகலத்தில் ஒரு பழுப்பு. ஹிண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தீட்டு நாளில் தொடக் கூடாதென்று கணவன் சுண்டெல் கட்டில்களைப் பிரித்துப் போட்டான். ஐந்து நாள் காத்திருந்து, வெள்ளை உடுத்தி ஏழு சுத்த நாள் எண்ணி, மறுபடி முழுக வேண்டும். கரு தங்கும் நாள் அதற்குள் ஓடிவிடும். ஒன்பது வருஷமாக இதே கூத்து.

"பத்து வருஷம் பிள்ளை இல்லேன்னா தள்ளி வைக்கலாம்னு சட்டம். முடியட்டும். மணவிலக்குச் சீட்டு எழுத வைக்கலேன்னா நான் சீரெல் இல்லே. மலடிக்குச் சோறு போட்டு என் வம்சம் அழியணுமா?"

கறைத் துணியை உறையிலிட்டு, தீட்டா இல்லையா என்று கேட்க யூத குருவான ரபியிடம் கொண்டுபோவது எப்போதும் சீரெல்தான். அன்று ஹிண்டா உறையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெக்கமா இல்லே உனக்கு?"

"கறை என்னுது அத்தே. நானே போறேன்."

எருசலேம் சந்துகளில் தலைகுனிந்து நடந்தாள். ரபியின் மனைவி உறையை உள்ளே வாங்கிப்போய்ப் பதிலோடு திரும்பினாள்.

"இது தீட்டுதான்மா. ஆனா வெள்ளை அந்த ஏழு நாளைக்குத்தானே? முழுகின பிறகும் ஏன் வெள்ளை உடுத்தறே? கலர்த் துணியில பட்ட கறை தீட்டே இல்லே. அஞ்சு வருஷம் முன்னாடியே இவர் உன் மாமியார்கிட்ட சொன்னாரே!"

ஹிண்டா வீடு திரும்பியபோது முற்றத்துக் கொடியில் நாத்தனார் யாகெட்டின் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கறுப்பு, கருநீலம், அரக்கு. யாகெட்டுக்கு ஆறு பிள்ளைகள்.

"அத்தே, ரபி சொன்னதை ஏன் எங்கிட்ட சொல்லலே? யாகெட் மட்டும் கலர் உடுத்தறாளே?"

"யாகெட் பலவீனமானவ. எங்க வீட்டு மருமகளுக்குக் குறுக்கு வழி எதுக்கு? பக்தியா இருக்கணும்."

"மகளுக்குச் சட்டம், மருமகளுக்குப் பக்தியா?"

ஹிண்டா கணவனைப் பார்த்தாள். அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் ஹிண்டா. அம்மா மனசு நோகுமேன்னுதான்..."

அந்தச் சொல்லில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு நாளும் எண்ண மாட்டேன், பத்து வருஷமும் காத்திருக்க மாட்டேன். நாளைக்கே ரபிகளோட நீதி சபைக்கு வாங்க. சீட்டு எழுதுங்க. ஏன் எழுதறீங்கன்னு அங்க கேப்பாங்க. நான் சொல்றேன்."