கணினி விழிக்காத பகல்

என் கணவர் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவர். அவருடைய கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும். வயிறு பெருத்ததிலிருந்து என் கால்கள் இரண்டும் அதன்மேல்தான். அவர் வேலை பார்க்க, நான் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கிடப்பேன். உள்ளங்காலில் அந்த வெதுவெதுப்பும் முனகலும் ஏறியதும் வயிற்றுக்குள் ஆட்டம் தொடங்கிவிடும். அரைத் தூக்கத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிள்ளை அந்தப் பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, குட்டிக் குட்டிப் பச்சை விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

அன்று காலை பெட்டி எழவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, பீப் பீப் என்று கத்தியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. பிள்ளையும் அசையவில்லை.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பிள்ளை அசையவில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமோ என்று பயம். பெட்டி எழுந்தால் பிள்ளையும் எழுந்துவிடும் என்று மனசு அடம்பிடித்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். மற்றபடி அவரை விரட்டுவதுதான் வேலை.

"என்னங்க, இன்னுமா ஆகல?"

"ஏன் இப்படிப் பறக்குற? வேலை எனக்குத்தானே நிக்குது."

"சும்மாதான் கேட்டேன்."

அவருடைய நிதானத்துக்கு ஆமைகூடத் தோற்றுவிடும். திரையின் வயரைக் கழற்றி மாட்டினார். பிளக்கை மாற்றினார். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, தானே தும்மினார். ஜன்னல் சீலை உப்பி உப்பி அடங்கியது. வெயில் தரையில் ஊர்ந்துகொண்டே போனது. தூங்கினேனா, விழித்திருந்தேனா, சொல்லத் தெரியவில்லை. பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே பிள்ளையைக் காணோம். அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் பளபளத்தது.

"ரேம்தான்." அவர் குரலில் கண் திறந்தேன். கணினியின் நினைவகத் துண்டு ஒன்றின் பொன்னிற ஓரத்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். "லூசாகி இருக்கு. யாரு காலை வச்சு ஆட்டுனாங்களோ, தெரியல."

வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். துண்டை அதன் இடத்தில் அழுத்திவிட்டுப் பொத்தானைத் தட்டினார். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. தகட்டை மூடிவிட்டு, "வைங்க மகாராணி, உங்க காலை," என்றார்.

வைத்தேன். அதே முனகல் உள்ளங்காலில் ஏறியது. வெதுவெதுப்பு மெல்ல மெல்ல முழங்கால்வரை வந்தது. நானும் காத்திருந்தேன். வயிறு பேசாமல் கிடந்தது.

"ஏங்க, காலையிலேருந்து அசையவே இல்ல."

அவர் பெட்டியைத்தான் குனிந்து பார்த்தார். "இப்போ ஓடுதே."

"பெட்டி இல்லீங்க, பிள்ளை."

அந்த ஆமை எங்கே போனதோ. வீட்டைப் பூட்டினோமா என்றுகூட நினைவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன், அவர் காலில் ஜோடி மாறிய செருப்பு. நர்ஸ் வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, கருவியை அங்கே வைத்தார், இங்கே வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அப்போது அறை முழுக்க அந்தச் சத்தம், யாரோ அவசரமாக ஓடிவருவதுபோல.

"நல்லா அடிக்குது. தூங்குது போல," என்றார் நர்ஸ். "டாக்டரும் பாத்துடட்டும். ஆனா அசைவு குறைஞ்சா உடனே வரணும். வீட்டுல உக்காந்து காத்துட்டு இருக்கக் கூடாது."

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"வெளிய வா, உனக்கு இருக்கு," என்றேன் வயிற்றைப் பார்த்து. "நாள் பூரா என்னை..."

நர்ஸ் கருவியை எடுக்கப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம்," என்றேன்.