பெண் வீட்டுப் படங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரும் மருமகளும் முதன்முதலாக ஒன்றாக வெளியே கிளம்பினார்கள் என்றால், அது ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மரியராஜின் ஸ்டுடியோவுக்குப் போனதுதான். ஒன்றாக என்றும் சொல்லிவிட முடியாது. கோகிலாம்பாள் முன்னால் நடந்தார், பானுப்பிரியா பின்னால் நடந்தாள், நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்து போகலாம்.

கோகிலாம்பாள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பானுப்பிரியா பிறந்த வீட்டில் கன்னடம். இரண்டு வீட்டிலும் ஓடுவது தறி, இரண்டு வீடும் இருப்பது அருப்புக்கோட்டையில், தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் தமிழ். ஆனாலும் கடைக்குட்டி அரவிந்த்குமார் தானே பெண் பார்த்துக்கொண்டு வந்து நின்றபோது கோகிலாம்பாள் மகனுக்குச் சோறு போட்டாரே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சம்மதித்தார். சம்மதித்தார் என்பதைவிட, தடுப்பதை நிறுத்திக்கொண்டார் என்பது பொருத்தம். திருச்சுழி கோயிலில் தாலி, அருப்புக்கோட்டை மண்டபத்தில் சாப்பாடு என்று கல்யாணம் நடந்து முடிந்தது.

அந்த வீட்டு ஹாலில் மூத்த மருமகள்கள் இரண்டு பேரின் கல்யாணப் படமும் பெரிதாக மாட்டியிருக்கிறது. இரண்டிலும் நடுவில் மணமக்கள், மாப்பிள்ளை பக்கம் மாமனார், பெண் பக்கம் கோகிலாம்பாள். பெண்ணின் தோளில் கோகிலாம்பாளின் கை. வருகிறவர்கள் படத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு பானுப்பிரியாவைப் பார்ப்பார்கள், "இதுல நீ எதும்மா?" என்பார்கள். "என்னோடது இன்னும் வரல" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அந்தச் சுவரில் தன் படம் ஏறிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினாள். புது மருமகள்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

மரியராஜின் ஸ்டுடியோ திருச்சுழி ரோட்டில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. அவன் படம் எடுப்பான், மனைவி ஹெப்சிபா கம்ப்யூட்டரில் ஆல்பம் அடுக்குவாள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டுக்கு ஒரு கேமரா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கேமரா என்பது வழக்கம். யாருடைய சித்தப்பாவை யார் விட்டார்கள் என்ற சண்டை வராமல் இருக்க அதுதான் வழி. இந்தக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் மரியராஜுக்கே கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பழைய கேமராவோடு மச்சான் ஆஸ்டினை அனுப்பினான். பெண் வீட்டையும் கோயிலில் தாலி கட்டியதையும் மண்டபத்து மேடையையும் தானே எடுத்தான், புதிதாக வாங்கிய கேமராவில். 'ரா' என்கிற பதப்படுத்தாத ஃபைலாக எடுத்தால் இருட்டில் எடுத்ததையும் பகலாக்கிவிடலாம் என்று மதுரையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மரியராஜ் அதில் பாதியைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தான்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து, முதலில் 'மாப்பிள்ளை வீடு' என்ற ஃபோல்டரைத் திறந்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள் வந்து நிறைந்தன. மூத்த மருமகள்கள், நாத்தனார்கள், பந்தியில் அப்பளம் நொறுக்கும் சொந்தக்காரர்கள். கோகிலாம்பாளுக்கு முகம் மலர்ந்தது. "இது நல்லாருக்கு. இதுவும் இருக்கட்டும்" என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார்.

பிறகு 'பெண் வீடு' ஃபோல்டரைத் திறந்தான். வெள்ளை. வரிசை வரிசையாக வெற்றுக் காகிதம் மாதிரி வெள்ளைக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பானுப்பிரியா என்ற பெயரும் ஒரு எண்ணும். மெமரி கார்டிலிருந்து ஏற்றும்போதே எல்லாப் படத்துக்கும் பெண்ணின் பெயரை வைத்துவிடுவது மரியராஜின் பழக்கம். பெயர் இருந்தது, ஆளைக் காணவில்லை.

"என்ன தம்பி, வெள்ளையா இருக்கு?"

"லோடு ஆகுதும்மா. வந்துரும்."

வரவில்லை. மரியராஜ் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அப்படியேதான் இருந்தது. ஒரு கட்டத்தை இரண்டு தட்டு தட்டினான். திறக்க முடியாது என்றது. சின்னப் படம் காட்டாமல் வெறும் குறியை மட்டும் காட்டச் சொல்லி எங்காவது டிக் விழுந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தான். விழவில்லை. விழுந்திருந்தால் மாப்பிள்ளை வீடும் தெரியாமல் போயிருக்கும். அதை அவன் யோசிப்பதற்கு முன்னாலேயே கோகிலாம்பாள் யோசித்துவிட்டார்.

"எங்க ஆளுக எல்லாம் தெரியுறாக. இவுக ஆளுக மட்டும் தெரியல. அப்படித்தான?"

"புதுக் கேமராம்மா. அதான் என்னமோ..."

"தாலி கட்டுனதும் இதுலதான இருக்கு?"

"ஆமா."

"அதுவும் விழல."

மரியராஜ் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான். "கோயில்ல எடுத்ததே விழலன்னா என்ன அர்த்தம்? சாமிக்கே சம்மதம் இல்ல" என்று கோகிலாம்பாள் முடித்துவிட்டார். சாமியைத் தன் பக்கத்துச் சாட்சியாக இவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறவர்கள் அதிகம் இல்லை. அதை நம்பக் கூடாது என்றுதான் பானுப்பிரியா நினைத்தாள். ஆனால் அந்த வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க, கல்யாணமே நடக்கவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மரியராஜுக்கு வேர்த்துவிட்டது. பதற்றத்தில் மனிதன் செய்கிற வேலையைச் செய்தான். ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கிற மூன்று எழுத்தை அழித்துவிட்டு ஜேபிஜி என்று அடித்தான், அத்தனை படத்துக்கும் ஒரே அடியாக. வெள்ளைக் கட்டங்கள் போய், எல்லாப் படத்துக்கும் கம்ப்யூட்டர் பொதுவாகக் காட்டுகிற, மலையும் சூரியனும் போட்ட பொம்மைப் படம் வரிசையாக வந்து நின்றது.

"திருச்சுழில ஏதுய்யா மலை?" என்றார் கோகிலாம்பாள்.

கடைசியாக ஒரு படத்தைக் கார்டில் ஏற்றிப் புதுக் கேமராவிலேயே போட்டுப் பார்த்தான். பெயர் மாறிய படத்தை எடுத்த கேமராவே அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. கார்டில் முன்பு இருந்ததையெல்லாம் நரிக்குடியில் ஒரு காதுகுத்துக்காக அழித்தாகிவிட்டது.

கோகிலாம்பாள் போனை எடுத்து மூத்த மருமகளுக்கு அடித்தார். தெலுங்கில்தான் பேசினார், ஆனால் கடைக்கு வெளியே டீ குடிப்பவர்களுக்கும் கேட்கிற தெலுங்கு. அந்தப் பொண்ணு படம் ஒன்றுகூட விழவில்லையாம் என்பது பானுப்பிரியாவுக்குப் புரிந்தது. புரிகிற அளவுக்கு அவள் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தாள், அது மாமியாருக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுக் கோகிலாம்பாள் தீர்ப்பு சொன்னார்.

"தம்பி, எங்க பக்கத்துப் படம் இருக்குல்ல. அதுலயே ஆல்பம் போட்ருங்க. போதும்."

"அதுல நான் இல்லியே அத்தை" என்றாள் பானுப்பிரியா.

"இல்லாததுக்கு நான் என்ன செய்ய?"

சத்தம் கேட்டு ஹெப்சிபா பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, பேர மாத்துனது பத்தாதுன்னு வாலையும் வெட்டிட்டீகளா?"

மரியராஜ் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். கல்யாண வீடுகளில் அத்தனை பேரையும் அதட்டி நிற்கவைக்கிறவன், இந்த நாற்காலிக்கு முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு.

"படம் எங்கயும் போகலம்மா. உள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டருக்கு இந்தக் கேமரா பேசுற பாஷை தெரியல, அம்புட்டுத்தான்" என்றாள் ஹெப்சிபா. விளங்கட்டும் என்று இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். "இப்ப உங்க வீட்ல தெலுங்கு. இவுக வீட்ல வேற பாஷை. அது மாதிரி."

"அதைத்தான நானும் ஆரம்பத்துலருந்து சொல்றேன்" என்றார் கோகிலாம்பாள்.

ஹெப்சிபா போனிலிருந்து நெட் எடுத்து, ரா படங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கினாள். அது ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. ஒரு தடவை கரண்ட் போய்ப் பக்கத்துத் தறிகளெல்லாம் வாயடைத்து நின்றன, பிறகு வந்தது, மறுபடி முதலிலிருந்து. இறங்கி முடிந்த பிறகும் மலையும் சூரியனும் நகரவில்லை. "வால் இல்லாம எப்படி இனம் தெரியும்?" என்று முனகிக்கொண்டே, மரியராஜ் வெட்டிய மூன்று எழுத்தை எல்லாப் பெயருக்கும் திரும்ப ஒட்டினாள். ஃபோல்டரை மூடித் திறந்தாள்.

மேல் வரிசையில் இடது ஓரத்தில் முதல் கட்டம் நிறம் பிடித்தது. பிறகு அடுத்தது. பானுப்பிரியாவின் அம்மா, மாமா, முகூர்த்தக்கால், கை நிறைய மருதாணி. அப்புறம் மடமடவென்று வரிசைகள் நிறைந்தன. தாலி கட்டும் படம் வந்தபோது பானுப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நடந்திருக்கிறது. எல்லாம் நடந்திருக்கிறது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

சிரிக்காமல் நிறுத்தியது கோகிலாம்பாளின் பட்டுச்சேலை. கல்யாணத்துக்கு அவர் கட்டியிருந்தது மாம்பழ நிறம், அரக்கு பார்டர். எவ்வளவு சின்னப் படத்திலும் அது பளிச்சென்று தெரியும், இங்கேயும் தெரிந்தது. கோயிலிலும் மண்டபத்து மேடையிலும் எடுத்த படம் எல்லாவற்றிலும் ஓர் ஓரமாக அந்தச் சேலை இருந்தது. முகம்தான் இல்லை. மாலை மாற்றும்போது போனைக் குனிந்து பார்க்கிறார். தாலி கட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசுகிறார். மெட்டி போடும்போது கோயில் வாசல் பக்கம் திரும்பி நிற்கிறார். ஆல்பத்தில் ஒவ்வொரு படமாகப் புரட்டியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள், கல்யாணத்தில் ஆயிரம் வேலை என்று விட்டிருப்பார்கள். இப்படி நகத்தளவில் மொத்தமாக அடுக்கி வைத்துப் பார்த்தபோது வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஹெப்சிபா சங்கடப்பட்டு வேகமாகத் தள்ளினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கீழேயிருந்து மாம்பழ நிற முதுகுகள் வந்துகொண்டே இருந்தன.

"தோள்ல கை போட்டு ஒரு படம் எடுப்பாகளே, அது எங்கக்கா?" என்று பானுப்பிரியா கேட்டாள்.

ஹெப்சிபா தேடினாள். குடும்பத்தோடு மேடையில் நின்ற படத்தில் மாமனார் இருந்தார், மாப்பிள்ளை இருந்தான், பானுப்பிரியா இருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மரியராஜ் அப்படியே எடுத்துவிட்டிருந்தான். சமையல்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன கோகிலாம்பாள் அன்று திரும்பி வரவில்லை.

தொழில்காரன் மரியராஜ்தான் முதலில் சமாளித்தான்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. அந்தப் பக்கத்துப் படத்துல நீங்க நல்லாச் சிரிச்ச முகமா இருக்கீக. அதை வெட்டி இங்க ஒட்டிருவோம். கையைத் தூக்கித் தோள்ல வச்சிரலாம். இறந்துபோனவுகளையே கூட நிக்க வச்சிருக்கோம், உயிரோட இருக்கவுகளை நிக்க வைக்க முடியாதா?"

"வேணாண்ணே" என்றாள் பானுப்பிரியா. கோபம்தான், அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. "ஒட்டுன கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வர்ரவுக எல்லாம் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்வாக, எனக்குத் தெரியும்ல அது ஒட்டுனதுன்னு. சுவரு காலியாவே கெடக்கட்டும். கேக்குறவுக கேட்டுட்டுப் போகட்டும்."

கோகிலாம்பாள் திரையைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். துடைத்ததில் ஒன்றும் மாறவில்லை.

"அன்னைக்கு எனக்கு மனசே இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "இம்புட்டுத் தடவையா திரும்பிக்கிட்டேன்?"

கோகிலாம்பாள் எழுந்தார். பாஸ்போர்ட் சைஸ் எடுப்பதற்காகச் சுவரில் தொங்கிய நீலத் துணிக்கு முன்னால் போய் நின்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேமரா இங்கதான இருக்கு தம்பி? எடு." பிறகு பானுப்பிரியாவைப் பார்த்து, "என்ன உக்காந்திருக்க? வந்து நில்லு" என்றார்.

"முகம் கழுவிட்டு வாரேன் அத்தை."

"கழுவாண்டாம். இருக்கபடி வா."

பானுப்பிரியா வீட்டில் கட்டுகிற பூனம் சேலையில் இருந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் தலை கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. வந்து நின்றாள். தோளில் கை விழுந்தது. கனமான கை, நூல் பிடித்துக் காய்த்துப்போனது. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் விலகவில்லை.

"சிரிங்கம்மா" என்றான் மரியராஜ். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவன் கேமராவை இறக்கித் தலையைச் சொறிந்தான். "மாப்பிள்ளையும் இல்ல, ஐயாவும் இல்ல. இதை எப்படிம்மா கல்யாணப் படம்னு ஹால்ல மாட்டுறது? போன் போட்டு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்களேன்."

"அவுக காரியாபட்டி போயிருக்காக. வந்ததும் அவுகளுக்காக இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது" என்றார் கோகிலாம்பாள், கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. "எங்க ரெண்டு பேரையும் இப்ப எடு. ஆம்பளைகள ஒட்டிக்க."