இடது பக்கம் போகாத பந்து

ஜோயல் ஸ்டெட்டுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்று இரண்டு சீசனாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லவில்லை, தொண்டை கிழியச் சொன்னேன். ஆக்கன்ஷா ரக்பி மைதானத்தில் இருபது மீட்டர் கோட்டுக்கு நேராகக் கம்பியில் சாய்ந்து நிற்பவன் நான். அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் உதிர்ந்ததே என் முழங்கையால்தான். நான் காய்ச்சலில் படுத்திருந்தாலும் வேறு எவனும் அங்கே வந்து நிற்க மாட்டான். என் பெயர் நெவில். வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறேன், சனிக்கிழமையானால் இந்த மடையர்களை ஓட்டுகிறேன்.

எங்கள் அணியில் ஆட்டத்தை நடத்துகிறவன் ஜோயல். பந்து முதலில் அவன் கைக்கு வரும். அவன் யாருக்குத் தள்ளிவிடுகிறானோ அவன் ஓடுவான். பத்து தடவை வந்தால் பத்து தடவையும் வலது பக்கமே தள்ளுவான். இடது ஓரத்தில் ஒருத்தன் விரலை ஊதிக்கொண்டு குளிரில் விறைத்து நிற்பான். அந்த ஒருத்தன் என் மகன் கேலம்.

பெற்ற பாசத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவனையும் நான் விட்டுவைத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். “டேய், கையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா? உங்கம்மாகிட்ட குடுத்தனுப்பச் சொல்றேன்!” என்று கத்தினேன். மைதானமே சிரித்தது, எதிரணிக்காரன்கூடச் சிரித்தான். மீன் வறுவல் கடையில் கேலமைப் பார்த்தால், “கை வந்து சேந்துச்சா தம்பி?” என்று ஒரு மாசம் கேட்டார்கள். சொன்னது நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

போன மாசம் தார்ப்பிரிட்ஜோடு கோப்பைக் காலிறுதி. அந்த ஊர்க்காரர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம் பாக்கி, நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தோம். கோட்டைத் தாண்டி ஒரு தடவை பந்தைத் தரையில் வைத்தால் போதும், ஜெயித்துவிடலாம். என் பக்கத்தில் கிளைவ் நகத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் மாரீன் பிளாஸ்க்கோடு நின்றாள்.

வலது பக்கம் முழுக்க ஆள். இடது பக்கம் காலி. “இடது பக்கம் குடுடா, குருட்டுக் கழுதை!” என்றேன். என் முன்னால் பத்தடி தூரத்தில் கேலம். “கேலம், ஓடுடா! இப்பவே ஓடு!”

அவன் பாய்ந்தான். ஜோயல் முதல் தடவையாக இடது பக்கம் திரும்பிப் பந்தை விட்டான். கேலம் பிடித்தான், ஓடினான், மூலைக்கொடி ஓரமாகக் கோட்டுக்கு அப்பால் விழுந்து பந்தை அழுத்தினான். நான் கிளைவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் விசில் கேட்டது. பந்து முன்னால் போனது, செல்லாது என்று ரெஃபரி கை காட்டினார்.

கையால் பந்தைப் பின்பக்கமாகத்தான் தரலாம். இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ரெஃபரிகளுக்கு மட்டும் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் கிளப் கூடத்தில் எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் பட்டாணியும் உண்டு. இரண்டு அணியும் ரெஃபரியும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்க வேண்டும், அது எங்கள் வழக்கம். பரிமாறுவது முறை வைத்து. அன்றைக்குப் பட்டாணிக் கரண்டி என் கையில்.

“பத்தடி பின்னால போச்சு பந்து,” என்றான் கிளைவ். “பத்தடி!”

“நீ அப்ப கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிட்டுட்டு இருந்தே,” என்றாள் மாரீன்.

“நான் பாக்கலைன்னே வெச்சுக்க. நெவில் கோட்டுக்கு நேரா நின்னான்ல? நெவில், நீ சொல்லு.”

கூடமே என்னைப் பார்த்தது. அங்கே நேராக நின்றவன் நான் ஒருத்தன்தான். பந்து முன்னால்தான் போனது. ஒரு கஜத்துக்குக் குறையாது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

“இதைவிடச் சுத்தமான பாஸ் நான் என் ஆயுசுல பாத்ததில்ல,” என்றேன். “அந்த ஆளுக்கு விசிலுக்குப் பதிலா வெள்ளைக் கம்பு குடுத்திருக்கணும்.”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ரெஃபரி பிராட்பென்ட் தட்டை நீட்டினார். வாரநாளில் தபால் கொண்டுவருகிற மனுஷன். தலையெல்லாம் இன்னும் சேறு. நான் மூன்றே மூன்று பட்டாணியை எண்ணிப் போட்டேன்.

“பாத்துப் போங்க சார். உருண்டு முன்னால போயிடப் போகுது, அப்புறம் நீங்க விசில் அடிக்கணும்.”

அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். “பாஸ் போட்ட பையனையே கேளுங்களேன்,” என்றார்.

அவருக்குப் பின்னால் ஜோயல் நின்றான். “முன்னாலதான் போச்சு,” என்றான்.

“யாரு பக்கம்டா நீ?” என்று கிளைவ் எகிறினான்.

நான் சிரித்தேன். “ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை இடது பக்கம் குடுத்தே. அதையாவது உருப்படியாக் குடுத்தியா? கழுத்துல சுளுக்கா, இல்ல அந்தப் பக்கம் உனக்குக் கடன்காரன் யாராவது நிக்கிறானா?”

ஜோயல் தட்டைக் கீழே வைத்தான். “எனக்குப் பின்னால நிக்க வேண்டியவன் முன்னால நின்னான், நெவில். பந்து என் கைக்கு வர்றதுக்குள்ள கிளம்பிட்டான். ஓடு ஓடுன்னு கத்தினது யாரு? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு.”

யாரோ ஒருத்தர் இருமினார்.

“ரெண்டு வருஷமா ஏன் குடுக்கலைன்னு கேக்கறீங்கல்ல…” என்று ஆரம்பித்தவன், ஜன்னலோர மேசையைப் பார்த்தான். அங்கே கேலம் வேண்டாம் என்று தலையாட்டினான். ஜோயல் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டான். “ஒண்ணுமில்ல. எனக்கு அந்தப் பக்கம் சரியா வராது.”

“அதைத்தானே நான் ரெண்டு வருஷமாச் சொல்றேன்!” என்றேன். கூடம் சிரித்தது. 

கேலம் எழுந்தான். “நிறுத்துங்கப்பா. நான்தான் அவன்கிட்ட குடுக்காதேன்னு சொன்னேன்.”

“என்னது?”

“கெஞ்சிக் கேட்டேன். பந்து வரும்போது எனக்குப் பந்து தெரியறதில்ல, உங்க குரல்தான் கேக்குது. கையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியான்னு கேட்டீங்களே, அன்னிலேருந்து. எனக்காகத்தான் இவன் ரெண்டு வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்கிட்டிருக்கான்.”

“அப்ப எதுக்குடா ஆடறே?” என்றேன். இத்தனை பேர் முன்னால் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும்ப்பா.”

வெட்கத்தில் காது எரிந்தது. பிராட்பென்ட் இன்னும் அந்த மூன்று பட்டாணியோடு நின்றிருந்தார்.

“முன்னாலதான் போச்சு,” என்றேன். “நேரா நின்னு பாத்தேன்.” ஒரு முழுக் கரண்டி அள்ளி அவர் தட்டில் போட்டேன்.

“குழம்பும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை நான் உள்ளே போகவில்லை. மைதானச் சுவருக்கு வெளியே, காய்கறித் தோட்டங்கள் இருக்கும் சந்தில் நின்றேன். கேலமிடம் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். முதல் பாதி முழுக்கச் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைக் கணக்குப் போட்டேன். இரண்டாம் பாதியில் “இடது பக்கம் போகுது!” என்று யாரோ கூவினார்கள். கூட்டம் ஓவென்று எழும்பி, பாதியில் அடங்கியது. அதற்குமேல் கிளைவின் குரல்: “கையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியாடா?”

எல்லோரும் சிரித்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை என் வசனம். சுவர் ஏறிக் குதித்து அந்தக் கிளைவின் குரல்வளையைப் பிடிக்கலாம் போல இருந்தது. வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பெயின்ட் உதிர்ந்த என் இடம் காலியாகத்தான் இருந்தது. “வந்துட்டான்யா!” என்றான் கிளைவ். “உன் பையன் பாத்தியா, மறுபடியும்…”

“இன்னொரு வார்த்தை பேசினே, உன் பல்லை வீட்டுக்குக் குடுத்தனுப்புவேன்,” என்றேன். கழுத்திலிருந்த மப்ளரைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.

பந்து மறுபடி ஜோயல் கையில். அவன் இடது பக்கம் திரும்பினான். கேலம் பந்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்துவிட்டான்.

நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். முப்பது வருஷத்தில் ஆட்டம் நடக்கும்போது ஒரு நிமிஷம்கூட நான் அப்படி நின்றதில்லை. எதிரே, சுவருக்கு உட்பக்கமாகத் தோட்டத்துக்காரன் ஒருவன் போட்டிருந்த முட்டைகோஸ் பாத்தி. அதையே முறைத்தேன். பின்னால் கால்கள் தடதடவென்று ஓடின.

மப்ளரை எடுத்துவிட்டு, “பிடிச்சானா?” என்று மாரீனிடம் கேட்டேன்.

“பிடிச்சுட்டான். ஓடறான்,” என்றாள் மாரீன். “திரும்பித் தொலைக்காதே. அந்த மப்ளரைத் திருப்பி வாயில வை.”